தார்ப்பாய் போட்ட பொய்

போன் அலறியது!

சங்ககிரி லாரிப்பேட்டை. தன் புக்கிங் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து காலை டீயை ஊதிக் கொண்டிருந்த லாரி புரோக்கர் அர்த்தநாரி, போனை எடுத்தார்.

"யோவ் அர்த்தநாரி! என் லோடு எங்கய்யா?"

பள்ளிபாளையம் ஜவுளி மில் முதலாளி தனசேகர்.

'போன்ல நாலு பேரைக் கூப்பிடறதுக்கு உனக்கெதுக்குய்யா கமிஷன்? நானே லாரி புடிச்சுக்குவேன்' என்று மூன்று மாதம் முன்பு அர்த்தநாரியைக் கழற்றிவிட்ட மகா புத்திசாலி!

"உங்க லோடைப் பத்தி எனக்கென்னங்க தெரியும்?"

"நடிக்காதே! நூத்தி நாப்பது பேல்... கட்டுக் கட்டா பெட்ஷீட்டு. முந்தாநாள் நாக்பூர் கெளம்புன லாரி மாயம்! டிரைவர் போன் ஆஃப். லோடு குடுக்காத கடுப்புல நீதான் ஆள் வெச்சுத் தூக்கிட்டே. போலீஸோட வாரேன்... இரு!"

வந்தே விட்டான்.

முன்னால் ஜீப்பில் இன்ஸ்பெக்டர் ஸ்ரீதேவி. பின்னால் காரில் தனசேகர்.

பேட்டையே கூடிவிட்டது. அர்த்தநாரிக்கு இது இருபத்தாறு வருடத் தொழில். 'லோடு திருடன்' என்று ஒரு தடவை பேர் விழுந்தால் போதும்... அப்புறம் ஒரு மூட்டை உப்பைக்கூட எவனும் நம்பிக் கொடுக்க மாட்டான்!

"ஏறுங்க அர்த்தநாரி. மீதியை ஸ்டேஷன்ல பேசிக்கலாம்."

"ஏறறனுங்க மேடம். அதுக்கு முந்தி இவரை ரெண்டு கேள்வி கேட்டுக்கறனுங்க."

ஸ்ரீதேவி வாட்சைப் பார்த்தாள். "சீக்கிரம்!"

"ஏனுங்க தனசேகர்... லாரியை எப்படிப் புடிச்சீங்க?"

"ரோட்ல போனதை நிறுத்துனேன். வாடகை பேசுனேன். ஏத்துனேன். இதுக்கு ஒரு புரோக்கரு... அவனுக்கு ஒரு ஆபீஸு... த்தூ!"

"யாரு வண்டி, எந்தூரு டிரைவருன்னு விசாரிச்சீங்களா? நாங்க ஓனரோட ஊடு வரைக்கும் தெரிஞ்சுக்கிட்டுத்தானுங்க வண்டி அனுப்புவோம்."

தனசேகருக்கு மீசை துடித்தது. "என்னை ஏமாளின்னு நெனச்சியா? ஆர்.சி. புக்கை வாங்கி, நம்பர் பிளேட்டோட ஒத்துப் பார்த்தேன்யா! சேசிஸ் நம்பரைக்கூடத் தடவிப் பார்த்தேன். அத்தனையும் ஒரிஜினல்!"

"பலே... நம்பர் என்னங்க?"

"நாமக்கல் வண்டி. கடைசி நாலு எண் 6093."

டீ டம்ளர் பாதி வழியில் நின்றது. தெரிந்த நம்பர்! அர்த்தநாரியின் முகத்தில் மெல்லச் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"தார்ப்பாய் போட்டுக் கட்டுனாங்களா?"

"பச்சைத் தார்ப்பாய்! பக்கத்துல நின்னு நானே கயிறு கட்ட வெச்சேன்!"

"மேடம்... இதை ஒரு எழுத்து விடாம எழுதிக்குங்க."

அர்த்தநாரி போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏப்பா டிரைவர் சென்றாயா... உன்ற 6093 இப்ப எங்க நிக்குது?"

"நாமக்கல்லதானுங்கண்ணா. ஒர்க்‌ஷாப்ல விட்டு நாலு நாளாச்சு. நாளைக்குத்தான் மங்களூருக்குக் கேஸ் ஏத்தப் போகோணும்."

ஸ்ரீதேவி நிமிர்ந்தாள். "கேஸா?"

அர்த்தநாரி குறுக்கிட்டார். "ஆமாங்க மேடம். கேஸ் டேங்கரு! நாலு பக்கமும் இரும்பு. அதுக்குள்ள நூத்தி நாப்பது பேல் பெட்ஷீட்டை எப்படித்தான் ஊத்துனாரோ!"

பேட்டை கொல்லென்று சிரித்தது. தனசேகரின் முகம் வெளுத்தது.

"டூ... டூப்ளிகேட் பிளேட்டா இருக்கும் மேடம்..."

"சேசிஸ் வரைக்கும் ஒரிஜினல்னு இப்பத்தானுங்களே சொன்னீங்க?"

போனில் சென்றாயன் விடவில்லை. "அண்ணா, போன வாரம் பள்ளிபாளையத்துல தனசேகர் மில்லு முன்னால டீ குடிக்க நிறுத்துனேன். 'நம்பரை நோட்டுல எழுதியாச்சு, வண்டியை எடு'ன்னு வாட்ச்மேன் வெரட்டுனானுங்க!"

"அந்த நோட்டைப் புரட்டி ஒரு நம்பரைப் பொறுக்கிட்டாருங்க மேடம். அது லாரியா, டேங்கரான்னு வாட்ச்மேனைக் கேட்டிருந்தாக்கூடச் சொல்லியிருப்பான். இவருதான் யாரையும் கேக்காத ஆளாச்சே!"

"அப்போ பேல் எங்கே?" ஸ்ரீதேவியின் குரல் சுட்டது.

"போன வாரம் நம்ம பேட்டை டெம்போக்காரன் காத்தானோட வண்டி இவரு மில்லுக்கும் வெண்ணந்தூர் குடோனுக்கும் ஆறு நடை அடிச்சுதுங்க. ஏற்றுக்கூலி பத்தலைன்னு இங்க வந்துதான் பொலம்புனான்."

தனசேகர் கார் மேலேயே சாய்ந்தான். "இன்சூரன்ஸ் பணத்துக்குத்தான் மேடம்... தெரியாம..."

"ஏறுடா ஜீப்ல!"

அர்த்தநாரிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆறிப்போன டீகூட அமிர்தமாக இறங்கியது.

ஸ்ரீதேவி திரும்பினாள். "நூத்தி நாப்பது பேல்... ஸ்டேஷனுக்குக் கொண்டுவர ஒரு லாரி வேணுமே?"

"புடிச்சுத் தாரனுங்க மேடம். கமிஷன் உண்டு... ஆனா டேங்கர் அனுப்ப மாட்டனுங்க!"