இன்றோடு செல்லாத கார்டு

பீப்!

கண்டக்டர் தங்கராசுவின் கை மெஷினில் அந்தப் பெயர் மறுபடியும் வந்தது.

பிரம்மி.

மூன்று மாதத்துக்கு முன் காணாமல் போனவள்... வாரத்தில் நாலு நாள் இந்த ஏழே முக்கால் அனந்தபுரம் பஸ்ஸில் தன் பயணக் கார்டைக் கொடுத்து டிக்கெட் எடுக்கிறாள். ஒருவர் கண்ணிலும் படுவதில்லை!

தங்கராசுவுக்கு முதுகு சில்லிட்டது. எத்தனை முறை வந்தாலும் பழகாத பயம்.

போலீஸ் இன்ஸ்பெக்டர் குருவுக்கு அந்தப் பயமெல்லாம் கிடையாது. கார்டு ஓடுகிறது, ஆகவே ஆள் உயிரோடு இருக்கிறாள், கோபம் தீர்ந்தால் வருவாள் என்று புகாரை மூடி வைத்துவிட்டார். இரண்டு தடவை பஸ்ஸில் ஏறியும் பார்த்தார். அந்த இரண்டு நாளும் கார்டு வரவில்லை. ஆவிதான் என்று பயணிகள் முடிவு கட்டிவிட்டார்கள்.

இன்று பழைய கார்டுக்குக் கடைசி நாள். நாளையிலிருந்து போட்டோ போட்ட புதுக் கார்டு. வாசல் மெஷினில் அவரவரே காட்டி ஏற வேண்டும்.

அதனால்தான் பிரம்மியின் தங்கை மதுமிதா இன்று முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். அக்காவின் ஒரே தடயம் நாளைக்கு இல்லை.

"அண்ணே... வந்துடுச்சா?"

தங்கராசு தலையாட்டினார். இந்தக் கூட்டத்தில் கண்டக்டர் நகர முடியாது. கார்டு கை மாறிக் கை மாறி வரும். அதே வழியில் திரும்பிப் போகும். யார் கொடுத்தது என்று எவரும் கேட்பதில்லை.

இன்று கேட்டார்.

"பின்னாடியிலேர்ந்து வந்துச்சு" என்றாள் பூக்கூடையோடு நின்ற மீனம்பாள்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு தங்கராசு பின்னால் போனார். மதுமிதாவும் தொடர்ந்தாள். கம்பியைப் பிடித்திருந்த செல்லப்பன் வாத்தியாரும் அதையேதான் சொன்னார். அவருக்கு அடுத்தவரும் அதையே.

கடைசி சீட்டு வந்துவிட்டது. மூலையில் அஜிதன்... பிரம்மியின் கணவன்!

பாவம், மனைவியைத் தேடி மூன்று மாதமாக இதே பஸ்ஸில் வருகிறவன். ஏறுகிற பெண்கள் முகத்தையெல்லாம் பார்ப்பான். ஊரே அவனுக்காக உச்சுக் கொட்டியது. தங்கராசுகூட டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

"சார், உங்க கைக்கு எங்கேர்ந்து வந்துச்சு?"

"பின்னாடியிலேர்ந்து வந்துச்சுப்பா."



மதுமிதா அவனுக்குப் பின்னால் பார்த்தாள். கண்ணாடி மட்டும் இருந்தது, அதற்கு வெளியே தூரத்தில் மலைக்கோட்டை.

"மாமா... அக்கா எங்க?"

அஜிதன் முகத்தில் வேர்வை கொட்டியது.

"சண்டையில தள்ளிவுட்டுட்டேன்... மண்டகப்பட்டு பாழுங்கெணத்துல இருக்குறா. அவ உசுரோட இருக்குறான்னு எல்லாரும் நம்பணும்ல..."

மதுமிதா அங்கேயே சரிந்து உட்கார்ந்து அழுதாள். தங்கராசு விசில் ஊதினார்.

பஸ் நேரே போலீஸ் ஸ்டேஷன் வாசலில் போய் நின்றது. மூன்று மாதமாகத் தன்னால் முடியாததை நீ எப்படிக் கண்டுபிடித்தாய் என்று குரு கேட்டார். அவருக்கு முகம் செத்துப் போயிருந்தது.

"கடைசி சீட்டுல குந்திக்கினு பின்னாடியிலேர்ந்து வந்துச்சுன்றாரு சார்" என்றார் தங்கராசு. "பின்னாடி கோட்டைதான் இருக்குது. தேசிங்கு ராஜாவா கார்டு குடுத்தனுப்புனாரு?"