ஒன்பது தடவை தப்பு

அந்த மதியம் கடையில் இருந்தவர்கள் இவர்கள்: 'செல் டாக்டர்' என்று தெருவே கூப்பிடும் கடைக்காரர், கல்லாவில் அவர் மனைவி, போனுக்குக் கண்ணாடி ஒட்டியதில் குமிழி இருக்கிறது என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்த பஸ் டிரைவர், பிறகு சிஸ்டர். நான்கு பேர். எத்தனை முறை எண்ணினாலும் நான்கு பேர்தான். சிஸ்டர் எண்ணிப் பார்த்தாள். ஏன் எண்ணினோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

அப்போதுதான் அவள் பைக்குள்ளிருந்து அந்தக் குரல் வந்தது. ஏற்ற இறக்கம் இல்லாத பெண் குரல்.

"முகம் தெரியவில்லை. முகத்தை அருகில் கொண்டு வரவும்."

"என்னங்க, பைக்குள்ள ஆள அடைச்சு வச்சிருக்கீங்களா?" என்றார் டிரைவர். எல்லோரும் சிரித்தார்கள். சிஸ்டரும் சிரித்தாள். பையின் ஜிப் மூடித்தான் இருந்தது. போனை யாரும் தொடவில்லை.

வீட்டோடு தங்கி, முடியாதவர்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அதனால் போகிற வீட்டிலெல்லாம் அவள் சிஸ்டர். கடைசியாகப் பார்த்துக்கொண்ட பெரியவருக்குக் கண் மங்கல். அவர் அவளுடைய போனில் பாட்டுக் கேட்பதற்காக, அதில் நடப்பதையெல்லாம் போனே வாய்விட்டுச் சொல்லும்படி அவள்தான் மாற்றி வைத்திருந்தாள். போனைத் திறக்க ஒவ்வொரு தடவையும் தன்னைக் கூப்பிட்டுத் தொல்லை பண்ணக்கூடாது என்று, தன் முகத்தோடு அவர் முகத்தையும் போனுக்குக் காட்டிக் கொடுத்திருந்தாள். பெரியவர் போய்ப் பதினெட்டு நாளாகிறது.

டிரைவர் கிளம்பியதும் கடைக்காரர் போனை வாங்கிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"ஒன்பது தடவை தப்பான நம்பர் போட்டிருக்கு. பத்தாவதும் தப்பாச்சுன்னா மொத்தமும் அழிஞ்சிடும், தெரியுமில்ல? யார் போட்டது?"

"குழந்தைங்க, அண்ணே."

"நம்பர் உங்களுக்குத் தெரியாதா?"

"மறந்துட்டேன்."

"நீங்க சிஸ்டர், நான் டாக்டர். பேஷன்ட்டு கோமாவுல. சரியான ஆஸ்பத்திரிதான்." தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார். பிறகு நெற்றியைச் சுருக்கினார். "ஆனா ஒண்ணு. இத்தனை தப்புக்கு அப்புறம் இது முகத்தைக் கேக்கவே கூடாது. நம்பர் மட்டும்தான் கேக்கணும். இது எதுக்கு முகத்தைக் கேட்டுக்கிட்டு இருக்கு? பேசாம அழிச்சுட்டுப் புதுசா போட்டுத் தரவா? பத்து நிமிஷ வேலை."

"வேணாண்ணே. அதுல ஒரு வாய்ஸ் மெசேஜ் இருக்கு. அது வேணும். நாளைக்குக் காலையில பத்து மணிக்குள்ள."

பதினோரு விநாடிதான் அந்த மெசேஜ். பெரியவரின் மகள் ஆபீசிலிருந்து அனுப்பியது. *நீங்க கடைக்குப் போறப்போ அப்பா ரூமை வெளிய பூட்டிட்டுப் போங்க சிஸ்டர், தெருவுல இறங்கிடுறாரு.* இப்போது அந்த மகள், தான் அப்படிச் சொல்லவே இல்லை என்கிறாள். தன் போனில் அதை அழித்தும் விட்டாள். நாளைக்குக் காவல் நிலையத்தில் விசாரணை. பூட்டச் சொன்னது யார் என்பதற்கு உலகத்தில் மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி இந்தப் பூட்டின போனுக்குள் இருக்கிறது. இல்லாவிட்டால் பூட்டினவள் மட்டும்தான் மிச்சம்.

கடைக்காரர் அவளைப் பின்பக்க அறைக்குக் கூட்டிப் போனார். ஜன்னல் இல்லாத நீளமான அறை. மேசை விளக்கின் வெளிச்சம் பாதி அறையோடு நின்றுவிட்டது. அதற்கு அப்பால் இரும்பு அலமாரிகள், அவற்றில் வரிசை வரிசையாகச் செத்த போன்கள், இரண்டு அலமாரிகளுக்கு நடுவே ஒரு ஆள் நிற்கிற அகலத்துக்கு இருட்டு. பசையின் காரமும் சூடான ஈயத்தின் வாடையும் மூக்கில் ஏறின. அவற்றுக்கு அடியில், மெல்லியதாக, இன்னொரு வாடை: குழந்தைப் பவுடரும் வலித் தைலமும் ஈரப் போர்வையும் கலந்தது. எட்டு மாதம் தினமும் முகர்ந்த வாடை. தன் புடவையில் ஒட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பதினெட்டு நாளில் இந்தப் புடவையை ஐந்து தடவை துவைத்திருந்தாள்.

"யோசிங்க சிஸ்டர். மண்டைக்கு மறந்தாலும் விரலுக்கு ஞாபகம் இருக்கும்."

விரலுக்கு எதுவும் ஞாபகம் இல்லை. அந்த நம்பரை அவள் ஒரே ஒரு தடவைதான் போட்டிருந்தாள். பழைய நம்பரைப் பெரியவர் அவள் விரலைப் பார்த்தே பிடித்துவிட்டார். மகளுக்கு ஒரு நாளில் இருபது தடவை போன் போட்டார். மகள் எரிந்து விழுந்ததும், ஒரு சாயங்காலம் அவசரத்தில் நம்பரை மாற்றினாள். போனிலிருந்து அவர் முகத்தையும் நீக்கினாள். மறுநாள் அவரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு மாத்திரை வாங்கப் போனாள். "பூட்டாதம்மா" என்றார். "அஞ்சு நிமிஷம்தான் தாத்தா" என்றாள். போனை அவர் கட்டிலருகே சார்ஜில் விட்டது பாதி வழியில்தான் நினைவுக்கு வந்தது. மருந்துக்கடையில் கூட்டம். திரும்பி வர ஒரு மணி பத்து நிமிடம். கதவு திறக்கவில்லை. உள்ளே கதவை ஒட்டிக் கனமாக ஏதோ கிடந்தது.

தள்ளித் தள்ளித் திறந்தபோது போன் அவர் கையில் இருந்தது. ஒன்பது தடவை தப்பு.

குழந்தைகள் போடவில்லை.

"என்ன சத்தம் அது?" என்றார் கடைக்காரர்.

அவளுக்கும் கேட்டது. மெத். மெத். மெத். டிங். பெரியவர் பிடித்துக்கொண்டு நடக்கும் வாக்கருக்கு நாலு கால். ஒன்றில் ரப்பர் கழன்றுபோய், மாற்ற வேண்டும் என்று மாசக்கணக்காக அவள் தள்ளிப் போட்டிருந்தாள். மூன்று கால் மெத்தென்று ஊன்றும். நாலாவது தரையில் டிங் என்னும்.

"மேல் மாடியில ஏதோ வேலை நடக்குது போல" என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டு, போனை வெளிச்சத்தில் திருப்பினார். திரை ஒரு கணம் அலமாரிகளின் பக்கம் பார்த்தது.

"முகம் தெரிந்தது," என்றது போன். டிக். "நன்றி."

"அட! தெறந்துடுச்சு சிஸ்டர்!" அவர் திரையைத் தன் பக்கம் திருப்பினார். டிக். பூட்டிக்கொண்டது. அவளிடம் காட்டினார். "முகம் தெரியவில்லை." மறுபடி இருட்டின் பக்கம் நீட்டினார்.

"முகம் தெரிந்தது. நன்றி."

"பழுதான கேமரா. எதையோ பாத்து ஏமாறுது. நமக்கென்ன, தெறந்தா போதும்." அவர் குரலில் உற்சாகம் இருந்தது. கை மட்டும் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தது. "இப்படியே பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. அசைக்காதீங்க. தெறந்திருக்கறப்பவே கேபிள் மாட்டி எல்லாத்தையும் காப்பி எடுத்துடலாம். கேபிள் முன்னாடி இருக்கு."

"நீங்க பிடிங்கண்ணே. நான் கொண்டு வரேன்."

"எந்தக் கேபிள்னு உங்களுக்குத் தெரியுமா? பிடிங்க."

போன் அவள் கைக்கு வந்தது. திரை இருட்டைப் பார்த்தது. முதுகு அவளைப் பார்த்தது. பதினோரு விநாடி, அவள் உள்ளங்கைக்குள். கையை இறக்கினால் பூட்டிக்கொள்ளும். மறுபடி திறக்கும் என்று யார் சொல்ல முடியும்? திரையின் வெளிச்சம் அலமாரி நடுவில் தரையில் விழுந்தது. அங்கே ஒன்றும் இல்லை. நான்கு சிறிய வட்டங்கள் மட்டும், தூசியில். மூன்று அகலமாக. ஒன்று சின்னதாக.

"அண்ணே, அந்தக் கதவு..."

"அடுத்தவங்க போன் ஐம்பது கெடக்கு உள்ள. நான் இல்லாத நேரம் ஒரு நிமிஷம்னாலும் பூட்டிடுவோம், அது எங்க பழக்கம். தப்பா எடுத்துக்காதீங்க." சாவிக் கொத்து குலுங்கியது.

"பூட்டாதீங்கண்ணே."

தன் வாயிலிருந்து வந்த குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. வயதான குரல்.

மெத். மெத். மெத்.

தைல வாடை. இப்போது கிட்டத்தில்.

டிங்.

அவள் கையை இறக்கவில்லை. இறக்க முடியாது. தூசியில் நான்கு புது வட்டங்கள், வெளிச்சத்தின் இந்தப் பக்கம்.

"அண்ணே."

"அஞ்சு நிமிஷம்தான் சிஸ்டர்."

மெத். மெத். மெத். டிங்.

போனின் மறுபக்கத்தில் ஏதோ மூச்சு விட்டது. கண்ணாடியில் ஆவி படிகிற சத்தம்கூடக் கேட்கும் போலிருந்தது. வெளிச்சம் மங்கியது. எதுவோ குனிந்து திரையை மறைத்தது.

"முகம் மிக அருகில் உள்ளது," என்றது போன். "சற்று விலகி நிற்கவும்."

கடைக்காரருக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. வெளியே சாவி இரண்டு சுற்றுச் சுற்றியது.