திசை திரும்பிய செல்கள்

கரண்ட் போன பிறகும் செல்கள் நகர்ந்துகொண்டிருந்தன.

ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்த ஷரீபா நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தாள். ஐப்பசி மழை மலைக்கோட்டையை முழுவதுமாக மறைத்திருந்தது. மின்விசிறி நின்றுபோன கல்லூரி ஆய்வகத்தில் ஃபார்மலின் நெடியும் ஈரச் சுண்ணாம்பின் வாசமும் தேங்கிக் கிடக்க, தாழ்வாரத்தில் எங்கோ நீர் சொட்டும் ஓசை மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது.

நுண்ணோக்கிக்கடியில், குழி வைத்த கண்ணாடிச் சில்லில் இருந்தவை, முசிறியிலிருந்து வந்த நோயாளி பாப்பாயியின் மார்புக் கட்டியிலிருந்து அன்று காலை ஆபரேஷனில் எடுத்தவை. மின்சாரம் பாய்ச்சினால் புற்றுநோய்ச் செல்கள் நல்ல செல்களைவிட வேகமாக நேர்முனைக்கு ஓடும். அந்த வேகத்தை அளப்பதுதான் 1963ஆம் வருடம் முழுவதும் ஷரீபாவின் ஆராய்ச்சி. மின்சாரம் நின்றால் அவையும் நிற்க வேண்டும்.

நிற்கவில்லை. அவள் உட்கார்ந்திருந்த பக்கமாக வந்தன.

மேசை சாய்ந்திருக்குமோ? நாற்காலியை எதிர்ப்பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். செல்கள் தயங்கின. திரும்பின.

"ரோசரி, இங்க கொஞ்சம் வாங்களேன்."

பக்கத்து அறையில் குடுவை கழுவிக்கொண்டிருந்த சக ஆராய்ச்சியாளர் ரோசரி வந்து குனிந்தாள். ஷரீபா கதவுவரை விலகி நின்றாள்.

"கதவுப் பக்கமாப் போகுதுங்க. கரண்ட் இல்லாம எப்படி?"

ஷரீபா சத்தமில்லாமல் ஜன்னலுக்கு நடந்தாள்.

"இப்ப ஜன்னல் பக்கம்." ரோசரி நிமிர்ந்தாள். முகம் வெளுத்திருந்தது. "உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு இருந்தேன். அந்தம்மா மத்தியானமே இறந்துட்டாங்களாம்."

ஆபரேஷனுக்கு முன் பாப்பாயி ஷரீபாவின் கையைப் பற்றிக்கொண்டிருந்தாள். வாழைமட்டை போலக் குளிர்ந்த கை. "விட்டுடாதீங்கம்மா." நர்ஸ்தான் விரல் விரலாகப் பிரித்துவிட்டாள்.

"ப்ரொபசரைக் கூட்டிட்டு வரேன்," என்று ரோசரி ஓடினாள். காலடி ஓசை படிகளில் தேய்ந்தது.

மழை. சொட்டு. சொட்டு.

ஆசிட்டில் போட்டுவிடலாம் என்று ஷரீபா கண்ணாடிச் சில்லை எடுத்தாள். விளிம்பு விரலைக் கீறியது. வலிகூட இல்லை. ஆனால் மனம் கேட்காமல், மறுபடி லென்ஸுக்குக் கீழே வைத்துப் பார்த்தாள்.

குழி காலி. ஒன்றுகூட இல்லை.

விரல்நுனி குறுகுறுத்தது. தோலுக்கடியில் ஓடும் ரத்தம் தெரிய, நகக்கண்ணில் ஒரு துளி எண்ணெய் விட்டாள். விரலை லென்ஸுக்குக் கீழே நீட்டினாள். டார்ச்சை அடித்தாள்.

மெல்லிய தோலுக்கடியில் ரத்தம் நுனிக்கு வந்துகொண்டிருந்தது. அதை எதிர்த்து, ஒன்றன்பின் ஒன்றாக, கொஞ்சமும் அவசரமில்லாமல், அந்தச் செல்கள் கைக்குள் மேலே போய்க்கொண்டிருந்தன.