இடைவேளையில் இல்வா

பஸ்மியாவின் வீடு திருகோணமலை மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அந்தப் பகுதியில் யாரிடமாவது ஐஸ் என்று சொன்னால், உடனே மீன்தான் ஞாபகம் வரும். பதினொரு வயதுப் பஸ்மியாவுக்கு மட்டும் இல்வா ஞாபகம் வருவாள்.

இல்வா எஸ்தோனியா என்ற குளிர்நாட்டுப் பெண். கத்திபோல மெல்லிய தகடு பொருத்திய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பனித்தரையில் சறுக்கிக்கொண்டு போவாள். திடீரென்று காற்றில் எழும்பி, மூன்று சுற்றுச் சுற்றி, ஒற்றைக் காலில் இறங்குவாள். பனிச்சறுக்கு நடனம் என்று அதற்குப் பெயர்.

மூன்று வருடங்களுக்கு முன்னால், மழையால் ஒரு கிரிக்கெட் ஆட்டம் நின்றபோது தொலைக்காட்சியில் இந்த நடனத்தைப் போட்டார்கள். அன்றைக்கு இல்வா இரண்டு தரம் விழுந்தாள். இரண்டு தரமும் சட்டென்று எழும்பி, இசையை விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டாள்.

'அடுத்தமுறை இவ விழமாட்டா' என்று பஸ்மியா நினைத்தாள். அடுத்தமுறை எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அது வந்தது. பிறகு அதற்கும் அடுத்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று பிடித்த ஆசை அவளை விடவேயில்லை.

ஒரு தடித்த கொப்பியில் எல்லாருடைய பெயர்களையும் புள்ளிகளையும் எழுதி வைத்தாள். எந்தக் குதிப்பு எந்தக் காலில் தொடங்கும் என்று அவளுக்கு அத்துப்படி. வகுப்பில் சொன்னால்தான் சிரித்தார்கள்.

"உன்ட இல்வா எங்கட சூரை மீனுக்கு ஐஸ் போட வருவாவா?" என்று ரிஸ்னா கேட்டாள்.

பஸ்மியாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் கொப்பியை மூடவில்லை.

போன வருட உலகப் போட்டியில் இல்வா முதற்பகுதியில் முதலிடம் எடுத்தாள். இரண்டாம் பகுதியில் விழுந்து ஏழாம் இடத்துக்குப் போனாள். இந்த வருடமும் முதற்பகுதியில் அவளே முதலாவது. இரண்டாம் பகுதி ஜப்பானில் சனிக்கிழமை மாலை. அதில் இல்வா ஆடும் கடைசிக் குழு தொடங்கும்போது இங்கே பகல் ஒன்றரை மணி. "இதுதான் என் கடைசிப் போட்டி" என்று இல்வா சொல்லியிருந்தாள்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வீட்டில் கரண்ட் நின்றது.

"திருத்த வேலையாம். பின்னேரம் அஞ்சு மணிக்குத்தான் வருமாம்" என்றார் உம்மா.

"உங்கட போன்ல பாக்கட்டா உம்மா?"

"அது ராத்திரியே செத்துப் போச்சு. சார்ஜ் போட மறந்திட்டன்."

பஸ்மியா தூணோடு சாய்ந்து நின்று யோசித்தாள். பக்கத்து வீடுகளிலும் கரண்ட் இல்லை. கரண்ட் நின்றாலும் நிற்காத இடம் ஒன்றே ஒன்றுதான். வாப்பா வேலை செய்யும் ஐஸ் தொழிற்சாலை. அங்கே பெரிய ஜெனரேட்டர் இருக்கிறது. ஓய்வறையில் தொலைக்காட்சியும் இருக்கிறது.

"உம்மா, இண்டைக்கு வாப்பாட சாப்பாட்ட நான் கொண்டு போறன்."

சோற்றுப் பார்சலையும் கொப்பியையும் எடுத்துக்கொண்டு அவள் ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

ஓய்வறை நிறைய ஆட்கள் இருந்தார்கள். ஐஸுக்காகக் காத்திருந்த படகுக்காரர்கள் பிளாஸ்ரிக் கதிரைகளில் உட்கார்ந்திருந்தார்கள். தொலைக்காட்சியில் இலங்கை அணியின் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. நடுக் கதிரையில் ஆதம்பாவா மாமா. மூன்று படகுகளின் சொந்தக்காரர். மீசை பெரிது, குரல் அதைவிடப் பெரிது. ரிமோட் அவர் கையில்.

வாப்பாவின் பெயர் சரீப். சத்தம் போடாத மனிதர். பார்சலை வாங்கிக்கொண்டு மகளின் முகத்தையும் கொப்பியையும் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது.

"மகள், இத இங்க கேக்காத. எல்லாரும் சிரிப்பானுகள்" என்று மெல்லச் சொன்னார்.

பஸ்மியா சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். ஒன்று இருபது. தொலைக்காட்சியில் நாற்பத்தொன்பதாவது ஓவர். கொப்பியைத் திறந்து கணக்குப் போட்டாள். கடைசிக் குழுவில் ஆறு பேர். ஆளுக்கு ஏழு நிமிடம். ஆறேழு நாற்பத்திரண்டு. கிரிக்கெட் இடைவேளை நாற்பத்தைந்து நிமிடம். மூன்று நிமிடம் மிச்சம்!

அவள் நேராக ஆதம்பாவா மாமாவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"மாமா, இடைவேளையில என்ன பாப்பீங்க?"

"விளம்பரம்தான். வேற என்ன?"

"அந்த நாப்பத்தஞ்சு நிமிஷத்த எனக்குத் தாங்க. ஆட்டம் தொடங்கினதும் நானே மாத்தி விடுவன்."

"எதுக்கு?"

"ஐஸ் பாக்க."

ஓய்வறையே விழுந்து விழுந்து சிரித்தது. "ஐஸா? பின்னுக்குப் போய்ப் பார் புள்ள, ஆயிரம் கட்டி கிடக்கு!" என்றார் ஐஸ் லொறி ஓட்டும் பிரதீபன்.

ஆனால், ஆதம்பாவா மாமா ரிமோட்டை நீட்டினார். "விளம்பரத்துக்கு இது பரவாயில்ல. நாப்பத்தஞ்சு நிமிஷம். அதுக்கு மேல ஒரு நிமிஷமும் கூடாது, சரியா?"

"ஓம் மாமா."

கடைசிப் பந்து முடிந்ததும் பஸ்மியா அலைவரிசையை மாற்றினாள். திரை முழுக்க வெள்ளை வெளேரென்று பனித்தரை விரிந்தது.

இயந்திரம் பார்க்கும் ஹெக்டர் அங்கிள் கையைத் துடைத்துக்கொண்டே வந்து கதவடியில் நின்றார். இருபது வருடமாக ஐஸ் உறைய வைப்பவர். "அட, இது நல்ல ஐஸ்! கண்ணாடி மாதிரி இருக்கு" என்றார்.

முதலாவதாக வந்த கனடாப் பிள்ளை முதற்குதிப்பிலேயே தொப்பென்று விழுந்தாள். இரண்டு மூன்று பேர் பலமாகச் சிரித்தார்கள்.

பஸ்மியா திரும்பினாள். "சிரிக்காதீங்க மாமா. அந்தப் புள்ள இந்த நாலு நிமிஷத்துக்காக வருசம் முழுக்க விடியக்காலம எழும்பியிருக்கும். விழுந்து எழும்பினா அங்க எல்லாரும் கை தட்டுவாங்க. கேளுங்க."

உண்மைதான். ஜப்பானில் அரங்கமே கை தட்டிக்கொண்டிருந்தது. சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். ஹெக்டர் அங்கிள்தான் முதலில் தட்டினார். பிரதீபனும் சேர்ந்துகொண்டார்.

பிறகு கேள்விகள் வரத் தொடங்கின.

"இப்ப சுத்தினது எத்தின சுத்து?"

"மூண்டு. ஆனா கடைசிச் சுத்துக் கொஞ்சம் குறைஞ்சிட்டுது. அதுக்குப் புள்ளி வெட்டுவாங்க."

"அத வெறுங்கண்ணால எப்பிடிப் புள்ள பிடிச்ச?"

"இறங்கேக்குள்ள தகட்டப் பாருங்க. அது எந்தப் பக்கம் பாக்குது எண்டு தெரியும்."

கொஞ்ச நேரத்தில், "பஸ்மியா சொன்ன மாதிரியே வெட்டிட்டான்!" என்று பிரதீபன் கத்தினார். மூன்றாமவர் ஆடும்போது ஆதம்பாவா மாமா கதிரையை ஒரு முழம் முன்னுக்கு இழுத்துக்கொண்டார்.

ஐந்தாவதாக ஆடிய கொரியப் பிள்ளை ஒரு பிழையும் விடவில்லை. இரண்டு பகுதிக்கும் சேர்த்து மொத்தம் இருநூற்றுப் பதினான்கு தசம் ஆறு புள்ளி. முதலாம் இடம். இனி இல்வா மட்டும்தான் மிச்சம்.

அப்போது நடுவர் ஒருவர் கையை உயர்த்தினார். பனித்தரையில் ஒரு பள்ளம்! யாரோ ஊன்றிக் குதித்த இடத்தில் ஐஸ் பெயர்ந்திருந்தது. நாலு பேர் வாளியோடு ஓடிவந்து அதை அடைக்கத் தொடங்கினார்கள்.

"நனைஞ்ச பனியைப் போட்டு அமத்திறாங்கள்" என்றார் ஹெக்டர் அங்கிள். "சரி, சரி. தண்ணிய மெல்லமா விடு. அவசரப்பட்டா வெடிச்சிடும். மெல்லமா!"

ஜப்பானில் இருப்பவர்களுக்கு அவர் சொல்வது கேட்பதுபோல எல்லாரும் தலையாட்டினார்கள்.

பஸ்மியாவின் கண் மணிக்கூட்டில் இருந்தது. ஒரு நிமிடம் போனது. இரண்டு போனது. மிச்சமிருந்த மூன்றும் போனது. அதற்கு மேலும் போனது. பள்ளம் இன்னும் அடைபடவில்லை. இல்வா ஓரத்தில் குனிந்து, சப்பாத்து நாடாவை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

இரண்டு மணி பதினைந்து. இடைவேளை முடிந்தது.

யாரும் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால், சொன்னது சொன்னதுதானே? பஸ்மியா எழும்பிப் போய் ரிமோட்டை நீட்டினாள்.

"இடைவேளை முடிஞ்சுது மாமா. நீங்க கிரிக்கெட் பாருங்க."

வாப்பா சோற்றுப் பார்சலை மடித்தபடி மகளையே பார்த்தார்.

ஆதம்பாவா மாமா ரிமோட்டை வாங்கினார். திரையைப் பார்த்தார். வாளிக்காரர்களைப் பார்த்தார். பிறகு ரிமோட்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அந்தப் பள்ளத்த ஒழுங்கா அடைச்சானுகளா எண்டு பாக்காம எப்பிடி மாத்துற? இரி மகள்!"

"கிரிக்கெட் புள்ளிய நான் போன்ல பாத்துச் சொல்லுறன்!" என்றார் பிரதீபன். ஆனால், அதற்குப் பிறகு அவர் போனைத் தொடவேயில்லை.

இல்வா பனித்தரையின் நடுவுக்கு வந்தாள். கடல்நீல உடை. வயலின் ஒன்று மெல்ல எழுந்தது.

"எவ்வளவு வேணும்?" என்று ஆதம்பாவா மாமா இரகசியம்போலக் கேட்டார். அவருடைய இரகசியம் வாசல்வரைக்கும் கேட்டது.

"நூற்றி முப்பத்தெட்டு தசம் நாலுக்கு மேல. முதற்பகுதியில எடுத்த எழுபத்தாறு தசம் ரெண்டு ஏற்கனவே இருக்கு."

இல்வா வேகமெடுத்தாள். பின்பக்கமாகச் சறுக்கினாள். குதித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று...

விழுந்தாள்.

பஸ்மியா கண்ணை மூடிக்கொண்டாள். போன வருடமும் இதே குதிப்பு. இதே இடம்.

அப்போது அவளைச் சுற்றி ஒரு சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தாள். படகுக்காரர்கள் எல்லாரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். "எழும்பு மகள், எழும்பு!" என்று ஆதம்பாவா மாமா திரையைப் பார்த்துக் கத்தினார். இல்வா எழும்பிவிட்டாள்.

"முடிஞ்சுதா?" என்று வாப்பா கேட்டார்.

பஸ்மியா கொப்பியில் விரலை ஓட்டினாள். "இல்ல வாப்பா! இதே குதிப்ப அவ இன்னொருக்காச் செய்யோணும். திரும்பவும் தனியாச் செய்தா புள்ளி குறையும். அதோட உடனே இன்னொரு மூண்டு சுத்துச் சேத்துட்டா, விட்டதப் பிடிக்கலாம். ஆனா களைச்ச காலோட அது லேசில்ல."

"சேப்பாவா?"

"தெரியாது."

மூன்று நிமிடம் கழிந்தது. இல்வா மறுபடி பின்பக்கமாகச் சறுக்கினாள். குதித்தாள். மூன்று சுற்று. இறங்கினாள், நிமிர்ந்தாள். அடுத்த கணமே மறுபடி எழும்பினாள். இன்னும் மூன்று சுற்று!

"சேத்துட்டா!" பஸ்மியா கதிரைமேல் ஏறிவிட்டாள். "வாப்பா, சேத்துட்டா!"

கடைசிச் சுழற்சியில் இல்வா ஒரு நீலப் பம்பரமாகிப்போனாள். இசை நின்றது. அவள் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

இனிப் புள்ளி வரவேண்டும். இல்வா ஒரு வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தாள். அங்கே அவள் காலை ஆட்டினது மாதிரியே இங்கே ஹெக்டர் அங்கிளும் காலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

திரையில் இலக்கம் விழுந்தது. நூற்று முப்பத்தொன்பது தசம் பூச்சியம் ஐந்து.

"அப்ப என்ன? வெண்டுட்டமா?"

"வெண்டுட்டம் மாமா! உலகத்தில முதலாவது!"

எழுந்த ஆரவாரத்தில் ஜெனரேட்டர் சத்தமே கேட்கவில்லை. பிரதீபன் விசிலடித்தார். வெளியே மீன் ஏற்றிக்கொண்டிருந்த ஒருவர் பதறிப்போய் ஓடிவந்தார்.

"என்ன, இலங்கை வெண்டுட்டுதா?"

"இல்ல, எஸ்தோனியா!" என்றார் ஆதம்பாவா மாமா பெருமையாக.

வந்தவர் ஒன்றும் விளங்காமல் நின்றார். "இந்தப் புள்ள ஆரு?" என்று கதிரைமேல் நின்றவளைக் காட்டிக் கேட்டார்.

வாப்பா இந்தமுறை மெல்லப் பேசவில்லை. "என்ட மகள்!" என்றார், எல்லாருக்கும் கேட்க.

மூன்று மணிக்கு வாப்பாவின் வேலை முடிந்தது. இருவரும் துறையடியால் நடந்தார்கள். ஆதம்பாவா மாமாவின் படகில் கடைசி ஐஸ் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் கயிற்றை அவிழ்த்தபடி கூப்பிட்டார்.

"மகள்! அடுத்த போட்டி எப்ப?"

"ஒக்டோபர்ல தொடங்கும் மாமா. இல்வா இல்ல. புதுசா ஆக்கள் வருவாங்க."

"ஆரு நல்லம்?"

"ஒரு பதினேழு வயசுப் புள்ள இருக்கு. நிறைய விழும். ஆனா குதிப்பு சரியான உயரம்."

ஆதம்பாவா மாமா கயிற்றைச் சுருட்டிப் படகுக்குள் போட்டார். பிறகு படகிலிருந்த ஆட்களைப் பார்த்துத் தன் பெரிய குரலில் அறிவித்தார்.

"எல்லாரும் கேளுங்கடா! ஒக்டோபர்ல மகள் சொல்லுற அண்டைக்கு எங்கட மூண்டு படகும் கடலுக்குப் போகாது!"