பாதிக் கிண்ணம் தேநீர்

"டீச்சர், துடிப்பு அளக்கற உங்க கைப்பட்டை எங்கே?"

வாசலை மறித்துக்கொண்டு கேட்டான் குபானிச். கிர்கிஸ்தானின் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து மலையூரான நாரினுக்கு, ஆசிரியர்களுக்குக் கணினிப் பாடம் எடுக்க வந்தவன். வெளியே மழையும் பனியும் கலந்து கொட்டிக்கொண்டிருந்தது. அவன் இமையில் ஒரு துளி... விழாமல் நின்றது.

பெர்மெட் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். பயிற்சி தொடங்கிய நாளிலிருந்து அந்தக் கண்களோடுதான் வம்பு.

"மாவு பிசையக் கழட்டினேன் சார்."

"பாடம் நடக்கறப்போ மாவா?"

"இன்னிக்கு வியாழக்கிழமை. செத்தவங்களுக்குப் பலகாரம் பொரிக்கற நாள். நகரத்துக்காரங்களுக்கு அதெல்லாம் எங்க ஞாபகம் இருக்கப்போகுது..."

உள்ளேயிருந்து வேதியியல் டீச்சர் ஜிபெக் சிரித்தாள். "எண்ணெய் வாசம் வரலைன்னா செத்துப்போனவங்க பசியோட திரும்பிப் போவாங்க தம்பி. அது இருக்கட்டும், எங்க எல்லார் துடிப்பையும் திரையில போடறியே... உன்னோடது மட்டும் ஏன் வரமாட்டேங்குது?"

குபானிச்சின் காது சிவந்தது. கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பெர்மெட் உயிரியல் டீச்சர். அவள் அம்மா ஷைர்குல் போன வசந்தத்தில்தான் இறந்துபோனாள். இதயம் விட்டு விட்டுத் துடித்ததை ஊரில் யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. பிள்ளைகளாவது படிக்கட்டும் என்றுதான் பெர்மெட் இந்தப் பயிற்சிக்கே வந்தாள். துடிப்பைப் பார்த்தே ஆளைச் சொல்லக் கணினிக்குக் கற்றுத்தர, ஆளுக்கொரு பதிவு கொடுத்தார்கள். அவள் தன்னுடையதோடு, மருத்துவமனையில் எடுத்திருந்த அம்மாவின் பதிவையும் கொடுத்தாள்.

வகுப்பு தொடங்கியது. திரையில் ஒவ்வொரு கோடாக எழ, கீழே பேர் வந்தது. கேலியும் சிரிப்பும்...

பிறகு இன்னொரு கோடு எழுந்தது. மெதுவாக... நடுவில் ஒரு துடிப்பை விட்டு... மறுபடி மெதுவாக.

ஷைர்குல்.

சிரிப்பு அடங்கியது. சன்னலோரம், அம்மாவுக்கென்று பெர்மெட் வைத்த தேநீர்க் கிண்ணம். அவள் கழற்றிய பட்டை அதைச் சுற்றிக் கிடந்தது. பச்சை விளக்கு மினுங்கியது. அதற்குள் கை இல்லை.

"அம்மா..."

"பயப்படாதீங்க," என்றான் குபானிச் அவசரமாக. "வெளிச்சம் கிண்ணத்துல பட்டுத் திரும்புது. அதைத் துடிப்புன்னு நினைச்சுக்குது. 'யாருமில்லை'ன்னு சொல்ல நாம இதுக்குக் கத்துத்தரல. அதனால தெரிஞ்ச பேர்ல ஒண்ணைச் சொல்லுது. நல்ல பாடம், குறிச்சுக்குங்க."

நல்ல பாடமாம். என் அம்மா இவனுக்கு ஒரு பாடம்...

இடைவேளையில் அவன் கிண்ணத்தில் விளிம்பு வரை தேநீர் ஊற்றினாள் பெர்மெட்.

ஜிபெக் முழங்கையால் இடித்தாள். "அடியே, பாதி ஊத்தினாத்தான் 'இரு'ன்னு அர்த்தம். நிரப்பி வச்சா, எழுந்து போன்னு விரட்டற மாதிரி."

"தெரிஞ்சுதான் ஊத்தினேன்."

அவன் கிண்ணத்தைப் பார்த்தான். ஒரு சொட்டும் விடாமல் குடித்துவிட்டு எழுந்து போனான்.

அந்தி சாய்ந்தது. பயிற்சி முடிந்து எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். அம்மாவின் கிண்ணத்தை எடுக்க வந்த பெர்மெட் நின்றாள். கணினி முன்னால் குபானிச்.

"பிஷ்கெக் வேன் போயிடும் சார்."

"போகட்டும். உங்க அம்மாவைப் பத்தி எல்லார் முன்னாடியும் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கங்க. 'யாருமில்லை'ன்னு சொல்லக் கத்துக்கொடுத்துட்டேன். இனிமே யாரையும் நோகடிக்காது."

பட்டையை மேசைக் காலில் சுற்றினான். யாருமில்லை என்றது திரை. சுண்ணக்கட்டிப் பெட்டியில் சுற்றினான். யாருமில்லை.

பெர்மெட் சன்னலோரத்தைக் காட்டினாள். "அம்மா கிண்ணத்துல வைங்க."

"வேண்டாமே டீச்சர்..."

"வைங்க."

தேநீர் எப்போதோ ஆறியிருந்தது. திரை வெறுமையாக இருந்தது... இருந்துகொண்டே இருந்தது... பிறகு கோடு எழுந்தது. மெதுவாக. ஒரு துடிப்பை விட்டு.

ஷைர்குல்.

அடுப்பை அணைத்து வெகுநேரமாகியிருந்தது. ஆனாலும் எண்ணெய் வாசம் வந்தது... சுடச்சுட.

அவன் விளக்கம் சொல்வான் என்று காத்திருந்தாள். அவனோ தொப்பியைச் சரிசெய்து, கையை நெஞ்சில் வைத்து, கிண்ணத்தின் பக்கம் குனிந்தான்.

"அத்தை..."

அத்தையா... பெர்மெட் அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்க பொண்ணு எதிர்ல வந்தாலே என் பட்டை எகிறுது அத்தை. அது தெரிஞ்சிடும்னுதான் என் கோட்டைத் திரையில போடவே இல்ல. எனக்குக் கட்டித் தருவீங்களா?"

விட்டு விட்டு வந்த கோடு... இப்போது விடாமல் வந்தது. நிதானமாக.

இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தெருவில் வேன் கிளம்பும் சத்தம் கேட்டுத் தேய்ந்தது.

பெர்மெட் கெட்டிலை எடுத்தாள்.

"உக்காருங்க..." கண்ணை நிமிர்த்தாமல் அவன் கிண்ணத்தை நீட்டினாள். "பாதிதான் ஊத்தியிருக்கேன்."