காலி இடத்தில் பதினாறு

சோதனைகள் நானூற்றுப் பன்னிரண்டு என்று திரை சொன்னது. நானூற்றுப் பதினொன்றுதான் இருக்க வேண்டும்.

ஓர் எண் கூடிப்போனதற்காகப் பதறும் ஆள் இல்லை அவர். ‘நிரப்பி’ என்ற மென்பொருள் தொகுப்பின் வாழ்நாள் பராமரிப்பாளர். அந்தப் பட்டத்தை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் இணையப் பக்கத்தின் அடிக்குறிப்பைத் திருத்தும்போது அவரே தட்டச்சு செய்து வைத்தார், யாரும் மறுக்காததால் அது நின்றுவிட்டது. திறமூல மென்பொருள் என்பது ஊருக்கே இலவசம், எழுதுகிறவருக்குக் கிடைக்கும் கூலி பெயர் மட்டும்தான். அந்தக் கூலியை அவர் சற்றுத் தாராளமாகவே எடுத்துக்கொள்வார்.

நிரப்பியின் வேலை எளிது. ஒரு கருவி பத்து விநாடிக்கு ஓர் எண் அனுப்பிக்கொண்டே இருக்கிறது, நடுவில் சில எண்கள் வராமல் போகின்றன. அந்தக் காலி இடங்களில், கடைசியாக வந்த எண்ணையே எடுத்துப் போட்டுப் பட்டியலை மூளியில்லாமல் ஆக்கித் தரும். மழை அளக்கிறவர்கள், ஆலைக்காரர்கள், ஆஸ்பத்திரிக்காரர்கள் என்று பலரும் அதைப் பயன்படுத்தினார்கள். புதிய பதிப்பு வெளியாகும் ஒவ்வொரு முறையும் சின்னச் சின்னச் சோதனைகள் வரிசையாக ஓடும். எதிர்பார்த்தது இது, கிடைத்தது இது என்று ஒப்பிட்டு, தேறியது அல்லது தோற்றது என்று சொல்லும்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணி. தொகுப்புகளையெல்லாம் சேர்த்து வைக்கும் பொதுக் களஞ்சியத்திலிருந்து கடைசிக் கடிதம் வந்திருந்தது. விளக்கக் கோப்பில் உள்ள பிழையைத் திருத்தி மாலை ஆறு மணிக்குள் புதிய பதிப்பை ஏற்றாவிட்டால் நிரப்பி பட்டியலிலிருந்து நீக்கப்படும். மறுநாள் காலை பத்து மணிக்கு அவருக்கு மேடை, கேடயம், வாழ்நாள் சாதனை. இல்லாமல் போன தொகுப்புக்கு எந்த முகத்தோடு போய்க் கேடயம் வாங்குவது? பிழை என்னவோ ஒரு காற்புள்ளிதான். இரண்டு நிமிடத்தில் திருத்திவிட்டு, வழக்கம்போல் சோதனைகளை ஓட்டினார். அப்போதுதான் அந்த ஒன்று கூடியிருந்தது.

“ஏங்க, தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு ஆறு மணிக்கெல்லாம் வந்துடுவேன்,” என்று மனைவி வாசலில் செருப்பை மாட்டியபடி சொன்னாள். “அடுப்ப அணைச்சாச்சு. கையில இருக்கிற வாட்ச்ச மட்டும் கழட்டிடாதீங்க. மூச்சு, நாடி எல்லாம் என் போனுக்கு வருது.”

“வேலையா இருக்கேன்மா.”

“தெரியுது. போன ஞாயித்துக்கிழமையும் இப்படித்தான் வேலையா இருந்தீங்க, குறட்டை தெரு வரைக்கும் கேட்டுச்சு.”

அந்தக் கடிகாரத்துக்குள்ளும் நிரப்பிதான் இருந்தது. வீட்டுக்கு வரும் யாரிடமும் மணிக்கட்டை நீட்டி அதைச் சொல்லாமல் அவர் விட்டதில்லை. மறுநாள் மேடையில் காட்டுவதற்காக, தன் மூச்சின் எண்கள் நேராகக் கணினிக்கே வரும்படியும் செய்து வைத்திருந்தார். தன் மூச்சையே எடுத்துக்காட்டாக வைப்பதில் ஒரு கம்பீரம் இருப்பதாக அவருக்குத் தோன்றியிருந்தது.

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு மின்விசிறியின் இழுவை, சமையலறைக் குழாயின் சொட்டு, இழுத்து மூடிய திரைச்சீலைக்கு அப்பால் வெயிலில் போகும் ஏதோ வண்டி. இவற்றுக்கெல்லாம் அடியில், காதைக் கூர்மையாக்கினால் மட்டும் பிடிபடும் அளவில், மெல்லிய ஒரு விசில். ஜன்னல் சந்தில் காற்று என்று நினைத்துக்கொண்டார். வெளியே மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை.

இணைப் பராமரிப்பாளருக்குப் போன் செய்தார். போன மாதம்தான் முனைவர் பட்டம் வாங்கியவள் என்பதால், குழுவில் அவளுக்குச் சின்ன டாக்டர் என்று பெயர்.

“என் மெஷின்ல நானூத்திப் பதினொண்ணுதான் சார் வருது. எல்லாம் பாஸ்.”

“எனக்கு ஒண்ணு கூட வருது.”

“அக்காவோட அந்த டெஸ்ட்டா இருக்குமோ? நீங்க ஸ்கிப் போட்டு வச்சீங்களே.”

“அதப் போன வருஷமே அழிச்சுட்டேன்.”



“அழிச்சுட்டீங்களா? அடுத்த பதிப்புல சரி பண்றோம்னுதானே சார் எல்லாருக்கும் மெயில் போட்டீங்க.”

“அடுத்ததுன்னா உடனே அடுத்ததா?”

“இன்னும் மூணு மணி நேரம் இருக்கு. அந்த வரிய நானே இப்பத் திருத்தி அனுப்பறேன். மாற்றக் குறிப்புல மட்டும், இத்தன நாளா தப்பா இருந்துச்சுன்னு ஒரு வரி போடணும். அக்கா பேரும்.”

“நாளைக்கு எனக்கு மேடைம்மா. இந்த நேரத்துல போய்த் தப்புன்னு எழுதச் சொல்றியே.”

“அக்காவுக்கு நாளைக்கே இல்ல சார்,” என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.

அக்கா என்று அவள் சொன்னது சோதனைக்காரியை. நிரப்பியின் சோதனைகளில் பாதிக்கு மேல் அவள் எழுதியவை. மற்றவர்கள் சோதனைக்குத் தலைப்பாக ஒன்றிரண்டு சொற்களைப் போட்டுவிட்டுப் போவார்கள். அவள் முழு வாக்கியமாகத்தான் எழுதுவாள். சிறு வயதிலிருந்தே இழுப்பு நோய். இணையவழிக் கூட்டங்களில் அவள் பேசத் தொடங்கும் முன் இன்ஹேலரை அமுக்கும் ‘டக்’ என்ற ஓசை வரும், பிறகு நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு விசில். “யாரோ குக்கர் வச்சிருக்காங்க போல,” என்று சொல்லிக்கொண்டே அவர் அவளுடைய ஒலியை அணைத்துவிடுவார். எல்லோரும் சிரிப்பார்கள். வாழ்நாள் பராமரிப்பாளரின் நகைச்சுவைக்குச் சிரிக்காமல் எப்படி?

அவள் கடைசியாக எழுதிய சோதனையின் தலைப்பு: ‘தொடர்ந்து மூன்று முறைக்கு மேல் காலியாக வந்தால் நிரப்பாதே. நிறுத்திக் கேள்.’ நிறுத்தியபின் கேட்க வேண்டிய கேள்வியையும் அவளே எழுதியிருந்தாள்: ‘இருக்கீங்களா?’ அந்தச் சோதனை முதல் நாளே தோற்றது. நிரப்பி எங்கும் நிற்காமல் நிரப்பிக்கொண்டே போனது. திருத்தியிருக்கலாம், ஆனால் வேகம் கொஞ்சம் குறையும். அவரோ அதற்கு முந்தின வாரம்தான் ‘உலகிலேயே வேகமானது’ என்று பதாகை அடித்திருந்தார். சோதனையின் தலையில் ஸ்கிப் என்று ஒரு சொல்லைப் போட்டார். அதன்பின் அது ஓடவில்லை, ஓடாததால் தோற்கவும் இல்லை.

ஏழு மாதம் கழித்து சோதனைக்காரி மூச்சுத்திணறலோடு ஓர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டாள். மூச்சை எண்ணும் கருவியின் கவ்வி அவள் நெஞ்சிலிருந்து நழுவிவிட்டது. மூன்று நாற்பதிலிருந்து ஐந்து மணி வரை வார்டின் திரையில் 16, 16, 16 என்று வந்துகொண்டே இருந்தது. நிமிடத்துக்குப் பதினாறு மூச்சு, அருமையான எண். யாரும் போய்ப் பார்க்கவில்லை.

அந்த எண்கள் அச்சான வார்டுத் தாளை அவளுடைய அண்ணன் படமெடுத்து அவருக்கு அனுப்பியிருந்தான். அடியில், நிரப்பியின் பதிப்பு எண்ணைப் பேனாவால் வட்டமிட்டிருந்தான். ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்து அவர் இரண்டு வரி எழுதினார். கூடவே உரிமத்தின் ஏழாம் பத்தியையும் இணைத்தார்: இம்மென்பொருள் எவ்வித உத்தரவாதமும் இன்றி வழங்கப்படுகிறது. பிறகு அண்ணனின் கடிதத்தைப் ‘பாராட்டுகளும் பிறவும்’ என்ற கோப்புறைக்குள் தள்ளினார். சோதனையையும் அன்றுதான் அழித்தார்.

இப்போது திரையைக் கீழே நகர்த்தி, கடைசி வரியைப் பார்த்தார்.

412. தொடர்ந்து மூன்று முறைக்கு மேல் காலியாக வந்தால் நிரப்பாதே. நிறுத்திக் கேள். — ஓடுகிறது.

அது எந்தக் கோப்பிலிருந்து ஓடுகிறது என்று தேடினார். கோப்பு இல்லை. முழுக் கணினியிலும் தேடினார், அந்த வாக்கியம் எங்குமே இல்லை. ஆனால் அதன் கீழே எண்கள் இறங்கத் தொடங்கியிருந்தன, பத்து விநாடிக்கு ஒன்றாக. 17. 17. 18. அறையில் ஒரு வாடை பரவியிருந்தது. ஆஸ்பத்திரி ஸ்பிரிட்டும், வெயிலில் கிடந்த பிளாஸ்டிக்கும், வாய்க்குள் பீய்ச்சும் மருந்தின் இலேசான இனிப்பும் கலந்த வாடை. விசில் இப்போது ஜன்னல் பக்கம் இல்லை, புத்தக அலமாரியின் பக்கம். இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது.

21. 22.

தன் மூச்சுதான் என்று புரிந்தது. கடிகாரம் அனுப்புகிறது, கணினி காட்டுகிறது, இதில் பேயும் இல்லை பிசாசும் இல்லை. அறிவியல்காரர் அல்லவா, சோதித்துப் பார்க்கலாம் என்று மூச்சை அடக்கினார். ஒரு வரி காலியாக விழுந்தது. இரண்டாவது. கண் பிதுங்கியது. மூன்றாவது. காதில் நாடி அடித்தது. நான்காவது.

எண்கள் நின்றன.

இருக்கீங்களா?

அலமாரிப் பக்கமிருந்து ‘டக்’ என்று ஓர் ஓசை.

அவர் மூச்சை விட்டார். திரும்பிப் பார்த்தார். அலமாரி, புத்தகங்கள், முந்தைய ஆண்டுகளின் கேடயங்கள். அவற்றின் பளபளப்பில் நாற்காலி தெரிந்தது, நாற்காலியில் அவர் தெரிந்தார், அவருக்குப் பின்னால் நிழல் கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது. அவ்வளவுதான்.

ஐந்து முப்பத்தெட்டுக்குச் சின்ன டாக்டரின் திருத்தம் வந்து சேர்ந்தது. பதினோரு வரி. மாற்றக் குறிப்பில் இப்படி இருந்தது: ‘இதுவரை வந்த பத்துப் பதிப்புகளிலும் இப்பிழை உண்டு. பயன்படுத்துவோர் உடனே மாற்றிக்கொள்ளவும். பிழையைக் கண்டவர்…’ அடுத்து சோதனைக்காரியின் பெயர். கூடவே ஒரு செய்தி: “நீங்க சரின்னு ஒரு தட்டு தட்டினா போதும் சார்.”

அவர் விரல் அந்தப் பொத்தானுக்கு மேல் நின்றது. விசில் நின்றது. குழாயின் சொட்டும் நின்றது. வீடு முழுவதும் அவருடைய விரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

பத்துப் பதிப்பு. அத்தனை பதாகை. நாளைக்கு முதல் வரிசையில் உட்காரப்போகிறவர்கள் இன்றிரவே அந்தக் குறிப்பைப் படித்துவிடுவார்கள். அவர் எழுந்து நிற்கும்போது பக்கத்து இருக்கைக்காரரின் காதில் ஏதோ சொல்வார்கள்.

‘நிராகரி’ என்பதைத் தட்டினார். காற்புள்ளியை மட்டும் திருத்திய பதிப்பை ஏற்றினார். ஐந்து நாற்பத்தொன்பதுக்குக் களஞ்சியம் நன்றி சொல்லிப் பெற்றுக்கொண்டது. சோதனைகளை மறுபடி ஓட்டினார். நானூற்றுப் பதினொன்று. எல்லாம் தேறின.

“அவ்வளவுதான்,” என்றார், யாருக்கோ கேட்கட்டும் என்று.

நாற்காலியில் சாய்ந்தார். வாடை போயிருந்தது. திரையின் மூலையில், மேடையில் காட்டவிருந்த சாளரம் மட்டும் திறந்திருந்தது. அதில் அவர் மூச்சின் எண்கள் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. 19. 17. 16. நல்ல எண். போதும் இந்த எண்கள் என்று தோன்றியது. கடிகாரத்தின் வாரை அவிழ்த்து, மேசையின் மறுகோடியில் வைத்தார்.

16.

மணிக்கட்டில் வார் பதிந்த தடத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

16.

கடிகாரத்தைப் பார்த்தார். அது மேசைமேல் மல்லாந்து கிடந்தது. அடியிலிருந்த பச்சை விளக்கு சுவரைப் பார்த்து மினுக்கிக்கொண்டிருந்தது.

16.

எழப் பார்த்தார். நெஞ்சுக்குள் யாரோ திருகாணியை ஒரு சுற்றுச் சுற்றினார்கள். உள்ளே இழுத்தார். பாதிதான் வந்தது. அந்தப் பாதி விசிலடித்தது.

அவருடைய நெஞ்சிலிருந்து.

இன்னொரு சுற்று.

போன் மேசையில் இருந்தது. கை நீண்டது. விரல் பட்டது. போன் சறுக்கித் தரையில் விழுந்தது. முகம் மேலே. நாற்காலியிலிருந்து அவரும் விழுந்தார். கன்னம் தரையில். குளிர்ந்த தரை. போன் ஒரு முழம் தள்ளி.

இழுத்தார். கால்வாசி.

16.

போன் ஒளிர்ந்தது. மனைவி.

‘பதினாறு காட்டுது. நல்லாத் தூங்குறீங்க போல. எழுப்பல. தங்கச்சி விடமாட்டேங்குறா, ஒரு மணி நேரம் கழிச்சு வரேன்.’

அவர் வாய் திறந்தது. ஓசை இல்லை. காற்று இல்லை. மேசைமேல் திரை மட்டும், சலிக்காமல்.

16. 16. 16.

இருக்கீங்களா என்று அது கேட்கவில்லை.

அவர் தலைமாட்டில் யாரோ குனிந்தார்கள். நெற்றி முடி அசைந்தது. காதருகே ஒருவர் மூச்சை உள்ளே இழுக்கத் தொடங்கினார். நீளமாக, அவசரமில்லாமல், கொஞ்சம்கூட விசில் இல்லாமல், நெஞ்சு நிறைய.