உயிரெழுத்து இல்லாத கடிதம்

நாலு மணிக்குப் பெட்டியை மூடி ஆணி அடித்துவிடுவார்கள். இப்போது மணி இரண்டு. எஸ்த்ரேயாவின் அப்பா மட்டும் இன்னும் பெட்டிக்குள் எதுவும் போடவில்லை.

கமகுவே ஊரில் நாங்கள் யூதர்கள் நாற்பதே குடும்பம். அந்த நாற்பது குடும்பமும் சேர்ந்து நிரப்பிய பெட்டி அது. கியூபாவிலிருந்து கப்பலேறி, யூதர்களுக்கென்று புதிதாக உருவாகிக்கொண்டிருந்த நாட்டுக்குப் போகப்போகிறது. அங்கே ஒரு புது ஊரில், போரில் பெற்றோரை இழந்த முப்பது பிள்ளைகள் இருந்தார்கள். உங்களுக்கு என்ன குறை என்று கேட்டு எழுதியிருந்தோம். எபிரேய மொழியில் பதில் வந்தது.

கோயிலில் தொழுகை நடத்தும் தோன் மோர்தொகாய் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அதைப் படித்துச் சொன்னார்.

"கிணறு வெட்டிவிட்டோம். மூன்று பசு வந்துவிட்டது. ஆனால் ஊரில் புத்தகம் இல்லை. பிள்ளைகள் செம்மறிக் குட்டிகள் மாதிரி ஆகிவிட்டார்கள்."

"ஐயோ பாவம்! படிப்பில்லாம ஆடு மாதிரி திரியுதுங்களே!" என்று துணிக்கடை விக்தோரியா அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவ்வளவுதான். பெட்டியில் புத்தகமாகக் குவிந்தது. கதைப் புத்தகம், தொழுகைப் புத்தகம், மீன் சமைக்கும் புத்தகம். ஒருவர் ரயில் நேர அட்டவணையைக்கூடப் போட்டார்.

எஸ்த்ரேயாவின் அப்பா நிசிம், முடிதிருத்துபவர். அவருடைய வீட்டில் இருந்தது ஒரே ஒரு தொழுகைப் புத்தகம். அது தினமும் வேண்டும்.

"என்ன நிசிம், நீ என்ன போடப்போற? உன் சீப்பையா?" என்றார் விக்தோரியா அத்தை. எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்துவிட்டுக் கடைக்குத் திரும்பினார். ஆனால் அவருடைய காது சிவந்துபோனதை எஸ்த்ரேயா பார்த்துவிட்டாள்.

அவள் வீட்டுக்கு ஓடினாள். பத்தாவது பிறந்தநாளுக்குக் கிடைத்த விலங்குப் படப் புத்தகத்தை எடுத்தாள். ஒட்டகச்சிவிங்கிப் பக்கத்தைக் கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொண்டாள். முதல் பக்கத்தில், 'நிசிம் குடும்பத்தின் அன்பளிப்பு' என்று எழுதினாள்.

திரும்பி வந்து, அதைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் சுவரில் குத்தியிருந்த புகைப்படம் கண்ணில் பட்டது. கடிதத்தோடு வந்த படம். முப்பது பிள்ளைகளும் வரிசையாக நின்றார்கள். ஒரு பிள்ளையின் கண்கூடத் தெரியவில்லை! முடி மூக்குவரை தொங்கியது. எது பையன், எது பெண் என்றே சொல்ல முடியவில்லை.

'இவங்க எப்படிப் புத்தகம் படிப்பாங்க?' என்று நினைத்தாள். 'செம்மறிக் குட்டி மாதிரியே…'

அப்படியே நின்றுவிட்டாள்.

பக்கத்திலேயே கடிதமும் இருந்தது. அவள் அந்தச் சொல்லைத் தேடினாள். எபிரேயத்தில் வழக்கமாக மெய்யெழுத்துகளை மட்டும்தான் எழுதுவார்கள். படிக்கிறவர்தான் உயிரெழுத்தைப் போட்டுக்கொள்ள வேண்டும். ச், ப், ர். மூன்றே எழுத்து. 'செபெர்' என்று படித்தால் புத்தகம். ஆனால்...

தோன் மோர்தொகாய் வாசலில் நின்று லாரி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோர் முன்னாலும் சொன்னால் அவருக்குச் சங்கடமாக இருக்கும். எஸ்த்ரேயா அவருடைய சட்டையை மெல்ல இழுத்தாள்.

"மாமா, ஒரு சந்தேகம். வெள்ளிக்கிழமை தாடி திருத்திக்க வருவீங்கல்ல? அப்போ அப்பாகிட்ட ஏதோ ஒரு பழைய விதி சொல்லிச் சிரிப்பீங்களே, அது என்ன?"

"அதுவா? 'மாலைத் தொழுகை நேரம் நெருங்கினா சபார் முன்னால உட்காராதே'ன்னு பெரியவங்க சொல்லி வச்சிருக்காங்க. உட்கார்ந்தா உங்கப்பன் பேசியே தொழுகை நேரத்தைத் தின்னுடுவான்!"

"சபார்னா?"

"முடி வெட்டுறவரு. இதுகூடவா தெரியாது?"

"அதை எப்படி மாமா எழுதுறது?"

"ச், ப், ர்…"

அவர் வாய் திறந்தபடி நின்றது. கடிதத்தைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார்.

"ஏ விக்தோரியா! நிசிமைக் கூப்பிடு! அவங்க ஊர்ல புத்தகம் இல்லாம இல்ல, முடி வெட்ட ஆள் இல்லாம இருக்காங்க! தப்பா படிச்சது நான். கண்டுபிடிச்சது இந்தக் குட்டி!"

அப்பா கடையிலிருந்து ஓடி வந்தார். இரண்டு கைகளிலும் கத்திரிக்கோல், சீப்பு, முடிவெட்டும் மிஷின். ஆனால் பெட்டியருகே வந்ததும் முகம் வாடியது.

"இதையெல்லாம் அனுப்பலாம். ஆனா அங்க வெட்டத் தெரிஞ்சவங்க யாரு? நான் பெட்டிக்குள்ள ஏறிப் படுத்துக்க முடியுமா?"

"நீங்க இங்க வெட்டுங்கப்பா. நான் ஒவ்வொண்ணா படமா வரையுறேன். அவங்க பார்த்து வெட்டிக்கட்டும்" என்றாள் எஸ்த்ரேயா.

"யாருக்கு வெட்டுறது?"

எல்லோரும் தோன் மோர்தொகாயைப் பார்த்தார்கள்.

"எனக்கா? தொழுகை நேரம் ஆகப்போகுதே! விதி என்ன சொல்லுது?"

"நாலு மணிக்கு லாரி வருதுன்னு சொல்லுது. உட்காருங்க!" என்று விக்தோரியா அத்தை ஒரு சர்க்கரை மூட்டையை இழுத்துப் போட்டார்.

அப்பா வெட்டினார். எஸ்த்ரேயா வரைந்தாள். சீப்பு எந்தப் பக்கம், காதருகே கத்திரிக்கோல் எப்படி, பின்கழுத்தில் மிஷின் எங்கே என்று பன்னிரண்டு படங்கள். லாரி ஹாரன் அடிக்கும்போது கடைசிப் படத்தை மடித்து, கத்திரிக்கோல்களோடு சேர்த்துப் பெட்டிக்குள் வைத்தாள். முதல் ஆணியை அப்பாவே அடித்தார். இந்த முறை அவர் காது சிவக்கவில்லை.

நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. எந்த எழுத்திலும் தப்பு வராதபடி, உயிர்க்குறிகள் எல்லாம் போட்டு எழுதியிருந்தார்கள்.

"இப்போது எங்களுக்கு எல்லாம் தெரிகிறது. புத்தகம் எல்லாவற்றையும் படித்துவிட்டோம். கமகுவேயிலிருந்து ஹவானாவுக்கு எத்தனை மணிக்கு ரயில் என்று கேட்டால், மனப்பாடமாகச் சொல்வோம். முதல் பையனுக்கு முடியைப் படத்தில் உள்ளபடியே வெட்டினோம். உச்சியில் அப்படித்தானா என்று சந்தேகம் வந்தது. ஆனாலும் படத்தை நம்பினோம்."

கூடவே ஒரு புகைப்படம். அறுபது கண்களும் சிரித்தன. முன்வரிசையில் நின்ற ஒரு பையனுக்கு மட்டும் பக்கவாட்டில் அழகாக முடி. நடு உச்சி பளபளவென்று மொட்டை.

எஸ்த்ரேயா வாயைப் பொத்திக்கொண்டாள். பார்த்ததைப் பார்த்தபடியே வரைந்திருந்தாள் அவள்.

தோன் மோர்தொகாய் தன் தொப்பியைக் கழற்றினார். பளபளத்த வழுக்கையைத் தடவிக்கொண்டு, அந்தப் பையனைப் பெருமையாகப் பார்த்தார்.

"நல்லா இருக்கான். அப்படியே என்னை மாதிரி!"